பாண்டியம்மாளின் இடது தோள்

கார்த்தி தன் பெண்டாட்டிக்குச் சடை போட உட்கார்ந்துவிட்டால், எதிர்வீட்டுச் சந்திரவல்லிக்கு அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாது.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவாள். அந்தப் பக்கம் வாசற்படியில் பாண்டியம்மாள் மகாராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள். அவளுக்குப் பின்னால் கார்த்தி. மார்க்கெட்டில் மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை. அந்தக் கையால் சீப்பைப் பதமாகப் பிடித்துச் சிக்கெடுப்பான். வகிடு எடுப்பான். மூன்று காலாகப் பிரித்துப் பின்னுவான். பல்லில் கடித்து வைத்திருந்த ரப்பர் பேண்டை எடுத்து முனையில் மாட்டிவிட்டு, சடையைத் தூக்கி அவள் தோளுக்கு முன்னால் போடுவான்.

"சரியா இருக்கா பாரு."

"கொஞ்சம் கோணலா இருக்குய்யா" என்பாள் அந்தப் புண்ணியவதி.

கோணலாம்! சந்திரவல்லிக்கு அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டு வரும். அவள் புருஷன் உக்கிரபாண்டிக்கு வீட்டில் சீப்பு எங்கே இருக்கிறதென்றுகூடத் தெரியாது. விடியுமுன் ஜீப்பை எடுத்துக்கொண்டு, எஸ்டேட்டுக்கு ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்களை அடைத்து ஏற்றி, போடிமெட்டு வளைவுகளில் ஏறிவிடுவார். இருட்டிய பிறகு வந்து சோறு எங்கே என்று கேட்பார். அவ்வளவுதான் தாம்பத்தியம்.

"எல்லாம் அந்த ஊசி குடுத்த வாழ்வு" என்று முணுமுணுத்துக்கொண்டே பாலை இறக்குவாள்.

அந்த ஊசிக் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

சந்திரவல்லியும் பாண்டியம்மாளும் போடி சௌந்தரபாண்டியன் முதலாளியின் ஏலக்காய்க் கிட்டங்கியில் வேலை பார்ப்பவர்கள். மலையிலிருந்து வரும் காயைச் சொளகில் புடைத்து, வெடித்தது, கறுத்தது எல்லாம் பொறுக்கி, தரம் தரமாகப் பிரிப்பது வேலை. ராசிங்காபுரத்திலிருந்து கல்யாணமாகி வந்த பாண்டியம்மாளைக் கையைப் பிடித்துக் கிட்டங்கிக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டதே சந்திரவல்லிதான். சேர்த்துவிட்ட இரண்டாவது சீசனிலேயே, "பாண்டி கை மிஷின் மாதிரில்ல ஓடுது" என்று முதலாளி எல்லார் முன்னிலையிலும் சொன்னார். அன்று விழுந்த பொறி. அதற்கப்புறம் அது அணையவே இல்லை.

கொரோனா இரண்டாவது அலை ஓய்ந்த சமயம். முதலாளி தன் செலவில், தேனியில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குச் சொல்லி, கிட்டங்கிக்கே ஆள் வரவழைத்து எல்லாருக்கும் தடுப்பூசி போட ஏற்பாடு செய்தார். முதல் ஊசி போட்டுக்கொள்பவரைப் போட்டோ எடுத்து வியாபாரிகள் குரூப்பில் போடப்போவதாகவும் சொல்லியிருந்தார். போட்டோ என்றால் சந்திரவல்லி விடுவாளா? புதுச் சேலை, புதுக் குட்டைக்கை ரவிக்கை என்று வந்து முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டாள். நர்சம்மா மேல்கையில் குத்தினார். முதலாளி போட்டோ எடுத்துக்கொண்டு போனார். சந்திரவல்லி பஞ்சை அழுத்திக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அடுத்து வந்தவள் பாண்டியம்மாள். மற்றவர்கள் வெளியே முற்றத்தில் வரிசையில் நின்றார்கள்.

கிட்டங்கிப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஏலக்காய்த் தூசி உடம்பில் ஏறாமலிருக்க, சேலைக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். கைக்குள் தூசி நுழையக் கூடாதென்று மணிக்கட்டை ஒட்டி நூல் போட்டுத் தைத்தும் விடுவார்கள். அந்தக் கையை மேலே சுருட்ட முடியாது. சட்டையைக் கழற்றலாமென்றால், அங்கே ஒரு தடுப்பு கிடையாது, திரை கிடையாது. மூட்டை அடுக்கும் ஆம்பளைகள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். பாண்டியம்மாள் கூச்சப்பட்டு நின்றாள்.

"நேரமாகுதும்மா. ரெண்டு பட்டனக் கழட்டிக் காலர இறக்கு, போதும்" என்றார் நர்சம்மா. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, காலையிலிருந்து ஊர் ஊராக அலைந்து வந்திருந்தார்.

காலர் இறங்கியதும் தெரிந்தது தோளின் உச்சி. எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடம். நர்சம்மா நின்றபடியே ஊசியை அங்கே இறக்கிவிட்டார்.

"ஆத்தே!" என்று பாண்டியம்மாள் போட்ட கூச்சலில் முற்றத்துப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். நர்சம்மா மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த ஆளிலிருந்து, "சட்டையக் கழட்டிட்டு உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டார்.

ஊசி எங்கே இறங்கியது என்பதை அருகிலிருந்து பார்த்த ஒரே ஜீவன் சந்திரவல்லிதான்.

மறுநாள் கிட்டங்கிக்கு லீவு. சந்திரவல்லிக்கு ஊசிக் காய்ச்சல் கொதித்தது. கஞ்சி வைத்துக்கொடுக்க நாதியில்லாமல், கம்பளியைப் போர்த்திக்கொண்டு தானே உலை வைத்தாள். தலை சுற்றுகிறதே என்று ஜன்னலோரம் வந்து நின்றபோதுதான் அந்தக் காட்சியை முதன்முதலாகப் பார்த்தாள். எதிர்வாசலில் கார்த்தி, பெண்டாட்டிக்குத் தலை சீவிக்கொண்டிருந்தான். பாண்டியம்மாளின் இடது கை, முறிந்த கிளை மாதிரி மடியில் கிடந்தது.

'காய்ச்சல் எனக்கு, கவனிப்பு அவளுக்கா?' என்று தோன்றியது. உலையில் கஞ்சி அடிப்பிடித்தது.

அந்தக் கை அதற்கப்புறம் மேலே எழவே இல்லை. முதலில் ஊசி வலி என்றார்கள். பிறகு தைலம், ஒத்தடம், எண்ணெய்க் கட்டு. ஒன்றும் கேட்காமல் ஒரு மாதம் கழித்துத்தான் அந்த ஆஸ்பத்திரிக்கே போனார்கள். "எங்க ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று அனுப்பிவிட்டார்கள். மதுரையில் ஓர் எலும்பு டாக்டர்தான் படம் எடுத்துப் பார்த்து விஷயத்தைச் சொன்னார். தசையில் இறங்க வேண்டிய மருந்து மூட்டுக்குள் இறங்கிவிட்டது, புண்ணாகி இறுகிப்போய்விட்டது, ஆபரேஷன் செய்து பிறகு நீண்ட நாள் பயிற்சி கொடுத்தால்தான் கை மீளும் என்றார். அதற்கு ஆகும் செலவைக் கேட்டுக் கார்த்தி மருந்துக்கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அப்படித்தான் தேனி நுகர்வோர் கோர்ட்டில் வழக்கு விழுந்தது. வக்கீல் ஜெஸ்ஸி என்று ஒரு சின்னப்பெண். ஸ்கூட்டரில் கிட்டங்கிக்கே வந்து இறங்குவாள். பாண்டியம்மாளின் தோளைத் தொட்டுத் தொட்டுக் கேட்டு எழுதிக்கொள்வாள். முதலாளி, சொளகு பிடிக்க முடியாதவளை முன்னறையில் ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்து, சாம்பிள் பாக்கெட் போடும் வேலையைக் கொடுத்தார். பாண்டியம்மாளைச் சுற்றி எந்நேரமும் நாலு பேர். "இப்ப எப்டி இருக்கு பாண்டி?" என்று கேட்காத வாயில்லை.

சந்திரவல்லிக்கு அதுதான் பொறுக்கவில்லை. இருபது வருஷமாகச் சொளகு புடைத்து அவளுக்கும் இரண்டு தோளும் வலிக்கிறது. படுத்தால் புரள முடியாது. ஒரு நாள் புருஷனிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்.

"தைலத்தத் தேச்சுட்டுப் படு" என்றார் உக்கிரபாண்டி. "என் ஜீப்பு இத்தன வருசமா மேடு ஏறுது. அதுவே ஒரு முனகல் முனகல. நீ என்னமோ…"

ஜீப்பைவிடக் கேவலமாகப் போய்விட்டது அவள் பிழைப்பு. ஒரே ஒரு குத்து வாங்கினவளுக்குக் கோர்ட்டு, வக்கீல், ஃபேன், சடை. இருபது வருஷம் உழைத்துத் தேய்ந்த தோளுக்கு ஒரு தைலம்!

ஆகவே ஜெஸ்ஸி வந்து, "நீங்கதானக்கா பக்கத்துல உக்காந்திருந்தீங்க? ஊசி எங்க போட்டாங்கன்னு பாத்தீங்களா?" என்று கேட்டபோது, சந்திரவல்லி முந்தானையை உதறிக்கொண்டு சொன்னாள்:

"நான் எதையும் பாக்கல தாயி. எனக்கு ஊசின்னாலே பயம். கண்ண மூடிக்கிட்டேன்."

பாண்டியம்மாள் முன்னறையிலிருந்து அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வலது கையால் பாக்கெட்டை மடித்தாள்.

பத்து நாள் கழிந்திருக்கும். ஆஸ்பத்திரி மேனேஜர் ஜான், சந்திரவல்லியைத் தேடி வீட்டுக்கே வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. பக்கத்தில் வந்தாலே வாசனை.

"ஒங்களுக்கும் தோள்பட்ட வலி இருக்காமே அக்கா? எத்தன வருசமா?"

அவர் கேட்பது தன்னைத்தானா என்று சந்திரவல்லி ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். இருபது வருஷத்தில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி. அவரை உட்காரச் சொன்னாள். பிறகு மடை திறந்த மாதிரி கொட்டித் தீர்த்தாள்.

அடுத்த நாளே கார் அனுப்பினார். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் தோளைப் பிடித்துப் பார்த்தார். சூடு வைக்கும் மிஷினில் உட்காரவைத்தார்கள். ஒரு பெண் ஹார்லிக்ஸ் கொண்டுவந்து கொடுத்தாள். சந்திரவல்லிக்குச் சொர்க்கம் இதுதானோ என்று தோன்றியது.

"பொய் சொல்லச் சொல்லல அக்கா" என்றார் ஜான் மெதுவாக. "ஏலக்கா வேலையில எல்லாருக்கும் தோள் போயிரும், எனக்கும் போயிருச்சு. இத மட்டும் கோர்ட்டுல வந்து சொல்லுங்க. அந்தம்மா ஊசி போட்ட ஒரு மாசம் கழிச்சுத்தான் வலிக்குதுன்னு வந்தாங்க. நடுவுல சொளகு புடைச்சது யாரு? நாங்களா?"

உண்மைதானே என்று சந்திரவல்லி தலையாட்டினாள். தன் தோளைப் பற்றிக் கோர்ட்டில் பேச வேண்டும். அதில் என்ன தப்பு?

செய்தி கிட்டங்கிக்குப் பறந்துவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் பாண்டியம்மாள் அவளை மறித்தாள்.

"என்னக்கா, தேனிக்குக் காருல போறியாமே?"

"ஏன், ஒனக்கு மட்டுந்தான் தோள் இருக்கா?"

"எல்லாருக்கும் இருக்கு. எனக்குத்தான் ஒண்ணு இல்லாமப் போச்சு."

"ரொம்பத்தான் பசப்பாதடீ. நோகாம ஃபேனுக்கடியில உக்காந்திருக்க."

"அந்த ஃபேனும் இந்த சீசன் வரைக்குந்தான். பாக்கெட் போட மிஷின் வருதாம். மொதலாளியே சொல்லிட்டாரு. சொளகு புடைச்சா வா, இல்லாட்டி வீட்டுல இருன்னு." பாண்டியம்மாள் வலது கையால் குடத்தை இடுப்புக்கு ஏற்ற முயன்றாள். குடம் நழுவித் தரையிலேயே நின்றது. "இந்த ஆபரேசன் நடந்தாத்தான் எனக்குப் பொழப்பு. நீ அங்க போயி வாயத் தொறந்தா கேஸ் அவுட்டு. தெரிஞ்சுதான் போறியா?"

சந்திரவல்லி தன் குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். இரண்டு தோளும் வலித்தன. ஆனால் குடம் இடுப்பில் ஏறிவிட்டது. அது அப்போது அவள் கவனத்தில் படவில்லை.

விசாரணை நாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் சந்திரவல்லி பேரில் எழுதிக் கொடுத்தது போதாது, சாட்சியை நேரில் கேட்க வேண்டும் என்று கோர்ட்டுத் தலைவர் சொல்லியிருந்தார். சந்திரவல்லி விடிகாலையிலேயே குளித்து, தலை பின்னி, மல்லிகை வைத்து, ஏசி காரில் ஏறினாள். போடி பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தேனி பஸ்சுக்காகப் பாண்டியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் கார்த்தி. அவள் கூந்தலில் பூச்சரத்தைச் சுற்றி, ஹேர்பின்னைப் பல்லால் விரித்துச் செருகிக்கொண்டிருந்தான். பட்டப்பகலில், நடு பஸ் ஸ்டாண்டில்!

காருக்குள் குளிர்ந்தும் சந்திரவல்லிக்கு வேர்த்தது. 'பாத்துக்கிறேன்டி இன்னைக்கு' என்று பல்லைக் கடித்தாள்.

கோர்ட்டு அவள் நினைத்த மாதிரி இல்லை. பள்ளிக்கூட வகுப்பறை அளவுதான் இருந்தது. மேடையில் தலைவர். இந்தப் பக்கம் ஜெஸ்ஸி, பாண்டியம்மாள். கடைசி பெஞ்சில் கார்த்தி. அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வக்கீல், ஜான்.

ஆஸ்பத்திரி வக்கீல்தான் முதலில் கேட்டார். சந்திரவல்லி தன் தோளின் கதையைச் சொன்னாள். சொளகின் கனம், புடைக்கும்போது விலா வரை இழுக்கும் வலி, இரவில் புரள முடியாத வேதனை எல்லாம் சொன்னாள். தலைவர் குனிந்து எழுதிக்கொண்டார். தன் வலியை ஒருவர் எழுதுகிறார்! இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னாள்.

"இந்த வேலை செய்ற எல்லாருக்கும் இந்த வலி வரும். அப்படித்தானே?"

"வராம இருக்குமா சார்?"

வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். பாண்டியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெஸ்ஸி எழுந்தாள்.

"ரெண்டு தோளும் வலிக்குதுன்னு சொன்னீங்க. நான் நம்புறேன்கா. ஆனா, கையத் தூக்க முடியுமா?"

"தூக்கித்தான ஆகணும். தூக்காம சோறு யாரு போடுவா?"

"இன்னைக்குச் சடை நல்லா இருக்கு. யாரு போட்டுவிட்டாங்க?"

"யாரு போடுவா? நாந்தான்."

"ரெண்டு கையவும் தலைக்குப் பின்னால கொண்டுபோய், நீங்களேவா?"

"பின்ன?" சந்திரவல்லிக்குக் காலையில் பார்த்த ஹேர்பின் கண்ணில் குத்தியது. "எனக்கென்ன கார்த்தியா இருக்கான்?"

அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தலைவர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். கடைசி பெஞ்சில் கார்த்தி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். பாண்டியம்மாள், "அக்கா… வேணாங்க்கா" என்று கெஞ்சினாள். தெரு பார்த்தால் பரவாயில்லை, கோர்ட்டில் பேச்சாகி ஊரே சிரிக்குமே என்று, சடை விஷயத்தை வக்கீலிடம்கூடச் சொல்லக் கூடாதென்று அவன் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

ஜெஸ்ஸியின் கண் விரிந்தது. "கார்த்தி என்னக்கா செய்வாரு?"

"என்ன செய்வானா? ஒன் கட்சிக்காரிக்கு அவன்தான தாயி தல சீவுறான்! எண்ணெ தேச்சு, சிக்கெடுத்து, சடை போட்டு… தெனமும் வாசல்ல இந்தக் கூத்துத்தான் நடக்குது."

"எப்ப இருந்து?"

"எப்ப இருந்தா? ஊசி போட்ட மறுநா காலையில இருந்து!"

ஆஸ்பத்திரி வக்கீல் தடாலென்று எழுந்தார். அதற்குள் ஜெஸ்ஸி, "மறுநாளா? ஒரு மாசம் கழிச்சு இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

"யோசிக்க என்ன கெடக்கு? எனக்கு மறக்குமா அது? அன்னைக்கு எனக்கு நெருப்பா காயுது ஒடம்பு. கஞ்சி வெச்சுக் குடுக்க ஆளில்ல. எங்க வீட்டு மனுசன் ஜீப்ப எடுத்துட்டுப் போயிட்டாரு. கம்பளியப் போத்திக்கிட்டு நானே வெச்சேன். ஜன்னல்ல வந்து பாத்தா, இவ கை செத்த கை மாதிரி மடியில கெடக்குது, இந்த ராசா சீவிவிடுறாரு. அந்த வயித்தெரிச்சல்லதான் கஞ்சி தீஞ்சுச்சு. தீஞ்ச கஞ்சியத்தான் குடிச்சேன் அன்னைக்கு!"

தலைவர் எழுதுவதை நிறுத்தவே இல்லை.

ஆஸ்பத்திரி வக்கீலுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐயா, இந்தம்மா பேச்ச ஒரு பொருட்டா எடுத்துக்க வேண்டாம். அடுத்தவங்க குடும்பத்தப் பாத்துப் பொறாமையில பேசுறாங்க. எதையும் கூட்டிச் சொல்றதுதான் இவங்க கொணம். தோள் வலின்னு வந்தாங்க. எங்க டாக்டர் பாத்தாரு. ஒண்ணுமே இல்ல. வயசானா வர்ற வலிதான்."

சந்திரவல்லி திரும்பி ஜானைப் பார்த்தாள். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒண்ணுமே இல்லையாம். சூடு வைத்த மிஷின், ஹார்லிக்ஸ், 'எத்தன வருசமா அக்கா' என்ற குழைவு, எல்லாம் எதற்கு என்று அந்த ஒரு நொடியில் அவளுக்கு வெளிச்சமாகிவிட்டது. அவமானம் காது வரை சுட்டது. கூண்டு மாதிரி இருந்த மரத்தடுப்பை இறுகப் பிடித்தாள். இந்தப் பக்கம் பாண்டியம்மாள் அழவில்லை, கும்பிடவில்லை. இடது கை மடியில் கிடக்க, வலது கையால் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். குழாயடியில் நழுவி நின்ற குடம் சந்திரவல்லிக்கு நினைவு வந்தது. தன் குடம் ஏறியதும்.

"ஐயா, நான் இன்னொண்ணும் சொல்லணும்" என்றாள்.

"சொல்லுங்கம்மா."

"சட்டையக் கழட்ட அங்க ஒரு மறைப்பு இல்ல. நர்சம்மாதான் காலர எறக்கச் சொன்னாங்க. எறக்குனா. இங்க போட்டாங்க." தன் தோளின் உச்சியில், எலும்பின் மேல், விரலை வைத்துக் காட்டினாள். "எனக்குக் கையில போட்டாங்க. இவளுக்கு இங்க. நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"எதையும் பாக்கல, கண்ண மூடிக்கிட்டேன்னு முன்னாடி சொன்னீங்களாமே? எங்க மேனேஜர்கிட்டயும் அப்படித்தானே சொன்னீங்க?" என்று ஆஸ்பத்திரி வக்கீல் சீறினார்.

"சொன்னேன். பொறாமையில சொன்னேன். நீங்களேதான இப்பச் சொன்னீங்க, நான் பொறாமக்காரின்னு?" சந்திரவல்லி தலையை நிமிர்த்தினாள். "பொறாமக்காரி கண்ணுக்கு எதாச்சும் தப்புமா சார்?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தலைவர் பேனாவை வைத்துவிட்டு நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்கம்மா. தோள் வலிக்குதுன்னு சொன்னீங்களே."

வெளியே வந்தால் காரைக் காணோம். ஜான் எப்போதோ ஏறிப் போய்விட்டிருந்தார். சந்திரவல்லி வெயிலில் நடந்து பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள். அங்கே பாண்டியம்மாளும் கார்த்தியும் நின்றார்கள். போடி பஸ் வந்தது. இருவர் உட்காரும் சீட்டில் பாண்டியம்மாளும் அவளும் உட்காரும்படி ஆகிவிட்டது. கார்த்தி டிரைவர் பக்கம் தள்ளிப் போய், ஜன்னலுக்கு வெளியே எதையோ ரொம்ப முக்கியமாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பஸ் தேனியைத் தாண்டியது.

"அவரு மானத்த வாங்கிட்டியேக்கா" என்றாள் பாண்டியம்மாள்.

"கேஸ் வேணுமா, மானம் வேணுமா?"

"நீ எனக்காகச் சொன்னியா, அந்த வக்கீல் மேல இருந்த கோவத்துல சொன்னியா?"

"டிக்கெட்ட எடுடி மொதல்ல" என்றாள் சந்திரவல்லி. "ரெண்டாளுக்கும் சேத்து எடு. என்னையக் காருல கொண்டாந்தவன் நடுரோட்டுல விட்டுட்டுப் போயிட்டான்."

பாண்டியம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினாள். குலுங்கியதில் தோள் வலித்து, "ஆத்தே" என்றாள். சந்திரவல்லி கையை நீட்டி அந்தத் தோளைத் தொடப்போனாள். பிறகு தொடாமல், அவள் மடியில் கிடந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

தீர்ப்பு மழைக்காலத்தில் வந்தது. கவனக்குறைவாக ஊசி போட்டதற்கு ஆஸ்பத்திரி பொறுப்பு, வைத்தியச் செலவும் நஷ்டஈடும் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. வலி மறுநாளே தொடங்கியதற்கும், ஊசி இறங்கிய இடத்துக்கும் எதிர்த்தரப்பு சாட்சியே ஆதாரம் என்று ஒரு வரி. ஜெஸ்ஸி அதைக் கிட்டங்கியில் உரக்கப் படித்தபோது, பெண்கள் எல்லாரும் சந்திரவல்லியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றுகொண்டாள். மதுரையில் பாண்டியம்மாளுக்கு ஆபரேஷன் நடந்தது.

கோர்ட்டில் சொன்ன ஒரு வரி மட்டும் தீர்ப்புக்கு முன்பே ஊரைச் சுற்றிவிட்டது. போடிமெட்டு ஜீப் ஸ்டாண்டில் உக்கிரபாண்டி வண்டியை நிறுத்தினாலே போதும்.

"யண்ணே, ஒங்க வீட்டுல கார்த்தி இல்லையாமே?"

"சீப்பு வாங்கிட்டியா மாப்ளே? மலையாளத்துக் கடையில நல்ல சீப்பு வந்திருக்கு!"

அவர் முறைப்பார். கியரை ஓங்கிப் போடுவார். வீட்டில் வந்து ஒன்றும் சொல்ல மாட்டார். சாப்பிடும்போது மட்டும் பெண்டாட்டியின் தோளை ஓரக்கண்ணால் பார்ப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சந்திரவல்லி தலைக்குக் குளித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து, கையைத் தூக்குவதற்கு முன் ஒரு பெருமூச்சு விட்டாள். பின்னால் செருமல் கேட்டது. உக்கிரபாண்டி நின்றார். கையில் சீப்பு. புத்தம் புதியது, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

"முடியக் குடு. திரும்பு அங்கிட்டு" என்றார் முரட்டுத்தனமாக.

"எதுக்குங்க?"

"வெரசா திரும்பு. எவனும் பாக்குறதுக்குள்ள முடிக்கணும்."

அவள் திரும்பினாள். உக்கிரபாண்டி முடியை இரண்டு கையாலும் அள்ளினார். ஜீப் மேல் மூட்டையைக் கட்டும் பழக்கத்தில், முழங்காலை அவள் முதுகில் அணைகொடுத்து ஒரு இழு இழுத்தார்.

"ஐயோ! லோடு கட்டுறீங்களா?"

"பேசாம இரு. எறக்கத்துல அவுந்துறக் கூடாது."

எதிர்வாசலில் பாண்டியம்மாள் வந்து உட்கார்ந்தாள். அவள் கை இப்போது காது வரை எழும்புகிறது. அவளுக்குப் பின்னால் கார்த்தியைக் காணோம். உள்ளேயிருந்து அவன் குரல் மட்டும் கேட்டது.

"நீயே சீவு புள்ள. பயிற்சி எடுக்கணும்னு டாக்டரு சொல்லியிருக்காருல்ல? எனக்கு மார்க்கெட்டுல சோலி கெடக்கு."

பாண்டியம்மாள் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டைப் பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள்.

"அக்கா, என்னக்கா அது? சடையா, வடமா?" என்று சத்தம் போட்டாள். குரலில் சிரிப்பு இருந்தது. கண்ணில் இல்லை.

அந்தக் கண்ணில் இருந்தது என்னவென்று சந்திரவல்லிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வருஷம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளே தீனி போட்டு வளர்த்தது.

"வடமாவே இருக்கட்டும்டி" என்றாள் அவள். "பின்னுனது யாருன்னு பாத்தியா?"

உக்கிரபாண்டி முடிச்சைப் போட்டுவிட்டு, சீப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவசரமாக உள்ளே போனார். சந்திரவல்லி எழுந்திருக்கவில்லை. சடை தெருவைப் பார்க்க, முதுகைத் திருப்பி நன்றாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.